மாப்பிள்ளை நம்பர்

“சொல்லுடி. யாருக்குப் போன் போட்ட?”

தமிழ்மாறன் போட்ட சத்தத்தில் விக்கிரமங்கலத்துத் தெருவே எட்டிப் பார்த்தது. அவன் பெண்டாட்டி அனுசுயா அடுப்படி வாசலில் நின்றாள். தோசைக்கரண்டி கையிலேயே இருந்தது.

“உன் பெரியம்மா வூடு பெரம்பலூர்ல எங்க இருக்கு? அந்தாளு சிமெண்டு கடைக்கு எதுத்தாப்லதான? நீ சொல்லாம அவனுக்கு எப்படித் தெரியுது?”

அந்தாளு என்றது அக்காள் புருஷன் கலைச்செல்வனை. போன வருஷம் வரைக்கும் ‘மாமா, மாமா’ என்று அவன் பின்னாலேயே திரிந்தவன்தான் தமிழ்மாறன்.

அக்காள் பூங்குழலி கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நேற்று அவள் வேலை கேட்டுப் போயிருந்த ஜெயங்கொண்டத்து ரத்தப் பரிசோதனை நிலையத்திலிருந்து அப்போதுதான் பேசிவிட்டு வைத்திருந்தார்கள்.

“உங்க வூட்டுக்காரரு நேத்து நீங்க கெளம்புன கொஞ்ச நேரத்துல வந்துட்டாரும்மா. வாசல்ல நின்னு ஒரே கூச்சல். உங்க மேல எங்களுக்கு ஒரு கொறையும் இல்ல, திங்கக்கெழம வந்து சேருங்க. ஆனா இன்னொரு தடவ அவரு இங்க வந்தாருன்னா, வேணாம்மா. நாலு பேரு வந்து போற எடம்.”

கை நீட்டி அடித்தவனை விட்டு வந்த அன்றைக்கே அவள் முடிவு பண்ணியிருந்தாள், யார் வீட்டுச் சோற்றையும் சும்மா தின்பதில்லை என்று. லேப் டெக்னீஷியன் படிப்பு கையில் இருந்தது. அப்பா சாமிதுரை சீராகக் கொடுத்த கார், அவள் பேரிலேயே இருந்தது. அதை ஓட்டிக்கொண்டுதான் பெரம்பலூரை விட்டு வந்தாள். அரியலூரில் ஒரு வேலை கிடைத்தது. கலைச்செல்வன் அங்கே வந்து நின்று “எவனப் பாக்க வர்ற?” என்றான், வேலை போயிற்று. அடுத்து ஒரு ஸ்கேன் சென்டர். அதுவும் அப்படியே போயிற்று. சிநேகிதி வீட்டுக்குப் போனால் தெருமுனையில் நின்றான். பல் டாக்டரிடம் போனால் அடுத்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தாள். அப்போதும் வந்தான்.

வீட்டுக்குள்ளேயே யாரோ சொல்லிக் கொடுக்கிறார்கள் என்ற நினைப்பு அப்போதுதான் விழுந்தது. அந்த நினைப்பு எப்போதும் வந்து ஏறிய மருமகள் தலையில்தான் போய் உட்காரும்.

அனுசுயா புருஷனைப் பார்க்கவில்லை. நேராக நாத்தனாரிடம் வந்தாள்.

“அண்ணி, நேத்து என்கிட்ட என்ன சொல்லிட்டுப் போனீங்க?”

பூங்குழலி தலையைக் குனிந்துகொண்டாள்.

“அரியலூருக்குப் போறேன், பேங்க்ல வேலை இருக்குன்னீங்க. ஜெயங்கொண்டம்னு ஒரு வார்த்த சொன்னீங்களா? என்னைய நம்பாமத்தான பொய் சொல்லிட்டுப் போனீங்க? போங்க, பரவால்ல. ஆனா நீங்க சொல்லாத ஊர நான் எப்படி அவருக்குச் சொல்லுவேன்? குறி பாத்தா?”

மாமியார் ராசாத்தி ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தாள். “இருங்கத்த” என்று கையைக் காட்டி நிறுத்தினாள் அனுசுயா. இரண்டு புடவையைப் பையில் திணித்தாள். வரதராஜன்பேட்டையில் அவள் தாய்வீடு.

“நீங்க யாரும் தேடிக்கிட்டு வர வேணாம்” என்றாள் புருஷனிடம். “அண்ணி வந்தா மட்டும் வாசப்படி ஏத்துவேன். அதுவும் நடந்தது என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு வரணும்.”

தமிழ்மாறன் வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு ஆலத்தியூர் சிமெண்டு ஆலைக்கு ஷிப்டுக்குப் போய்விட்டான். போகிறபோதும் “அக்கா, நீ கவலப்படாத, நான் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

நீங்க சொல்லாத ஊர நான் எப்படிச் சொல்லுவேன்? அந்தக் கேள்வி பூங்குழலியின் நெஞ்சில் முள்ளாக நின்றது. சரிதானே. ஜெயங்கொண்டம் போவதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம்கூட.

போன் மினுங்கியது. கலைச்செல்வனின் குரல் பதிவு. வழக்கமாகக் கேட்காமலே அழித்துவிடுவாள். இன்றைக்குக் கேட்டாள்.

“நேத்து ஜெயங்கொண்டம் ரோட்டுல எண்பதுக்கு மேல போயிருக்க. பொம்பள வண்டி ஓட்டுற லட்சணமா அது? ஏசியப் போட்டுக்கிட்டு எடது பக்கத்து ஜன்னல வேற எறக்கி வுட்டிருக்க. என்ன, காத்து பத்தலையா?”

மறுபடி கேட்டாள். ரோட்டோரம் எவன் நின்று பார்த்தாலும் கார் வேகமாகப் போனது தெரியும். உள்ளே ஏசி ஓடியது எப்படித் தெரியும்?

எழுந்து வாசலுக்கு வந்தாள். தகரக் கொட்டகைக்கு அடியில் அந்த வெள்ளைக் கார் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நின்றது.

“அப்பா, ஆளு யாரும் சொல்லலப்பா” என்றாள். “இதுதான் சொல்லுது.”

சாமிதுரை காலமெல்லாம் சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓட்டியவர். கல்லுக்குழியிலிருந்து ஆலைக்கு, ஆலையிலிருந்து கல்லுக்குழிக்கு. அந்த வெள்ளைத் தூசி இருமலாக இன்னும் நெஞ்சில் கிடக்கிறது. மகள் சொன்னது புரிந்ததும் அவருக்கு முதலில் வந்தது சிரிப்பு.

“அட, ஜி.பி.எஸ். பொட்டியா? எங்க டிப்பருக்கும் மாட்டினாங்கள்ல. நம்ம பசங்க பரோட்டா பார்சல் கட்டுற வெள்ளிக் காகிதத்த அது மேல சுத்திட்டு டீக்கடையில நிப்பானுவ. ஆபீஸ்ல வண்டி குழிக்குள்ள இருக்குன்னே நெனச்சுக்குவாங்க. கொண்டா காகிதத்த.”

நாலு கதவையும் திறந்து போட்டார். ஸ்டியரிங்குக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு ஒயர் ஒயராகத் தடவினார். பெட்டி மாதிரி இருந்த எதையெல்லாமோ வெள்ளிக் காகிதத்தில் சுற்றினார். வேர்த்து விறுவிறுத்து எழுந்து வந்து, “இப்ப பாக்கச் சொல்லு அவன” என்றார்.

போன் மறுபடி மினுங்கியது.

“என்ன, நாலு கதவும் இம்மா நேரமாத் தெறந்து கெடக்கு? சீர் வண்டிய ஏலம் போடுறீங்களா?”

சாமிதுரையின் முகத்தில் இருந்த சிரிப்பு செத்தது. காகிதத்தைக் கசக்கி எறிந்தார். “கம்பெனிக்காரன் அவன் வண்டிய அவன் பாத்தான், சரி. இது நான் வாங்குன வண்டிடா. நான் கல்லு சுமந்து வாங்குன வண்டி. இதுல எவன்டா என் பொண்ண வேவு பாக்குறது?”

கார் வாங்கின ஷோரூம் பெரம்பலூரில் இருந்தது. அப்பாவும் மகளும் அந்தக் காரிலேயே போனார்கள். வழி நெடுக அவள் ஜன்னலைத் தொடவில்லை, ஏசி போடவில்லை. தன் காரிலேயே திருடி மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினாள்.

ஷோரூம் சுவரில் வண்டி எடுத்தவர்களின் போட்டோக்கள் வரிசையாக மாட்டியிருந்தன. அதில் அவர்கள் போட்டோவும் இருந்தது. ஆளுயரத் தெர்மோகோல் சாவியைப் பிடித்துக்கொண்டு நடுவில் கலைச்செல்வன். பக்கத்தில் பல் தெரியச் சாமிதுரை. ஓரத்தில் பாதித் தோள் வெட்டுப்பட்டு பூங்குழலி.

சர்வீஸ் பகுதியில் பிரசாத் என்று பேர் குத்தியிருந்த இளைஞன் உட்கார்ந்திருந்தான். பணிவான பிள்ளை. பணிவுக்கு ஒரு குறையும் இல்லை.

“பொட்டின்னு தனியா ஒண்ணும் கெடையாது சார். வண்டிக்குள்ளயே சிம் சேந்து வருது. எங்க நிக்குது, என்ன ஸ்பீடு, கதவு, ஏசி எல்லாம் ஓனரு செல்போன்ல தெரியும். நல்ல வசதி சார்.”

“நான்தாங்க ஓனர். எனக்கு ஒண்ணும் தெரியலையே?” என்றாள் பூங்குழலி.

அவன் கம்ப்யூட்டரைத் தட்டினான். “கலைச்செல்வன்னு காட்டுது மேடம்.”

அவள் ஆர்.சி. புத்தக அட்டையை எடுத்து மேஜையில் வைத்தாள். அவன் அதைத் தொடக்கூட இல்லை.

“ஆர்.சி.க்கு நீங்க ஓனர் மேடம். ஆப்புக்கு அவருதான். டெலிவரி அன்னிக்கு அந்த நம்பர்தான் குடுத்திருக்கீங்க.”

“அப்ப வண்டிக்கு யாருய்யா ஓனரு?” என்றார் சாமிதுரை.

பிரசாத் திரையைப் பார்த்தான். சாமிதுரைக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அன்றைக்கு இதே மேஜையில்தான், போன் நம்பர் என்ன என்று கேட்டபோது, தன் நம்பரைச் சொல்லப் போன பூங்குழலியைக் கையமர்த்திவிட்டு, “மாப்பிள்ளை நம்பரப் போடுங்க தம்பி, அதான் மரியாத” என்றிருந்தார். வண்டியை மகள் பேரில் பதிய வேண்டும் என்று சம்பந்தியோடு மல்லுக்கு நின்றவர் அவர். ஜெயித்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில், சாவியைவிடப் பெரிய சாவியைத் தன் வாயாலேயே எடுத்துக் கொடுத்திருந்தார்.

“சரிங்க. இப்ப என் நம்பர மாத்துங்க” என்றாள் பூங்குழலி.

“மாத்திடலாம் மேடம், ரெண்டு நிமிஷ வேல. பழைய நம்பருக்கு ஒரு ஓ.டி.பி. போகும். அவருகிட்டக் கேட்டுச் சொல்லிட்டீங்கன்னா போதும்.”

“என்னைய வேவு பாக்குறவன்கிட்டயே போயி, இனிமே பாக்காத, நம்பரச் சொல்லுன்னு நான் கேக்கணுமா?”

“சிஸ்டம் அப்படித்தான் இருக்கு மேடம். கஸ்டமர் கேருக்கு மெயில் போடுங்க.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “இதுல இன்னொரு நம்பரும் சேத்திருக்கு மேடம். அவங்க ரெண்டு பேரும் பாக்கலாம்.”

“இன்னொருத்தரா? யாரு நம்பர்?”

“அத நாங்க சொல்லக் கூடாது. கஸ்டமரோட பிரைவசி.”

பூங்குழலிக்கு உச்சந்தலை வரை சூடேறியது. அவள் எந்தத் தெருவில் திரும்பினாள், எந்த வாசலில் இறங்கினாள், எந்த ஜன்னலைத் திறந்தாள் என்பதெல்லாம் சந்தி சிரிக்கலாம். அதைப் பார்க்கிறவன் பேர் மட்டும் ரகசியமாம்.

“அவருக்குப் பிரைவசி. எனக்கு?”

“டெலிவரி அன்னிக்கே எல்லாத்துக்கும் ஓகே குடுத்திருக்கீங்க மேடம்.”

“நான் குடுக்கல.”

“உங்க வீட்டுக்காரர் குடுத்திருக்காரு. எல்லாம் ஒரே ஃபேமிலிதான?”

சாமிதுரை “அவன் அம்மாவோடதா இருக்கும் அந்த இன்னொரு நம்பரு” என்று முணுமுணுத்தார்.

பிரசாத் உதவி செய்வதாக நினைத்து ஒரு பொத்தானைத் தட்டிவிட்டான். “ஓ.டி.பி. அனுப்பிட்டேன் மேடம், கேட்டுச் சொல்லுங்க.”

அவள் கேட்க வேண்டியிருக்கவில்லை. போன் தானே அடித்தது. கலைச்செல்வன்.

“ஷோரூம்ல நிக்கிறியா? எங்க மாமனாரும் கூட இருக்காரா? நம்பர் வந்துருச்சு, கையில வச்சிருக்கேன். வேணும்னா வூட்டுக்கு வா. வந்து சோறாக்கிப் போடு, அப்புறமாச் சொல்றேன்.”

வெளியே வந்ததும் சாமிதுரை காரின் முன்சக்கரத்தை எட்டி உதைத்தார். “ரெண்டு லிட்டர் பெட்ரோல வாங்கு. இந்தச் சனியன ரோட்டுலயே கொளுத்திப் போடுவோம். பஸ்சுல போயி வேல பாரு.”

“பஸ்சுல போனா மட்டும் வுடுவானா? போன மாசம் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தேனே, என்ன ஆச்சு? ‘அந்தப் பக்கம் வேலையா வந்தேன், தற்செயலாப் பாத்தேன்’னு அவன் ஒரு வரி எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டான். பின்னாடி வர்றான்னு காட்ட என்கிட்ட ஒண்ணும் இல்ல.” பூங்குழலி கதவைத் திறந்து உட்கார்ந்தாள். ஏசியைப் போட்டாள். நாலு ஜன்னலையும் இறக்கிவிட்டாள். “ஏறுப்பா. அவன் நல்லாப் பாக்கட்டும்.”

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜ். கீழே பரோட்டா கடை, மேலே அறைகள். அதன் வாசலில் கொண்டுபோய் நிறுத்தி எஞ்சினை அணைத்தாள்.

“இங்க எதுக்கும்மா?”

“இங்கதான்ப்பா.”

“லாட்ஜு வாசல்ல பொம்பளப் புள்ள வண்டிய... யாராச்சும் பாத்தா?”

“பாக்குறதுக்குத்தான் நிறுத்துறேன்.”

சாமிதுரை இறங்கி, எதிர்க் கடையில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். “துண்ட எடுப்பா. நாம என்ன தப்புப் பண்ணுனோம்?” என்றாள். அவர் எடுக்கவில்லை.

லாட்ஜை ஒட்டிய சந்து வழியாக நடந்தால் மகளிர் காவல் நிலையத்துப் பின்வாசல். எஸ்.ஐ. புவனேஸ்வரி சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“மேடம், போன மாசம் நீங்கதான் கேட்டீங்க, உன் பின்னாடியே வர்றான்னு எப்படி நிரூபிக்கிறதுன்னு. வண்டிய லாட்ஜு வாசல்ல நிறுத்தியிருக்கேன். யாருக்கும் சொல்லல. கொஞ்ச நேரம் எங்கூட வந்து உக்காருங்க. அவன் பெரம்பலூர்லேருந்து தானா வருவான்.”

புவனேஸ்வரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். “வரலன்னா?”

“லாட்ஜு மேடம். வராம இருக்க மாட்டான்.”

எஸ்.ஐ.யின் உதட்டில் ஒரு சிரிப்பு வந்து மறைந்தது. தொப்பியை எடுத்தார். ஏட்டம்மா ஒருத்தியையும் கூப்பிட்டுக்கொண்டார்.

மேனேஜர் உட்காரும் கண்ணாடி அறைக்குள் மூன்று பெண்களும் உட்கார்ந்தார்கள். மேனேஜர் பாவம், யாருக்கு என்ன ஆகுமோ என்று ஈரத்துணியால் மேஜையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எஸ்.ஐ. டீ சொல்லியனுப்பினார். அந்த டீ முடிந்து, இரண்டாவது டீயும் ஆறி ஏடு படியும் நேரத்தில் வாசலில் ஒரு பைக் சறுக்கி நின்றது.

கலைச்செல்வன் படியேறி வரும்போதே கத்திக்கொண்டு வந்தான். கையில் போன், திரையில் வரைபடம்.

“எந்த ரூமுய்யா?”

“சார், யார் வேணும்?”

“வெளிய வெள்ளக் காரு நிக்குதுல்ல? அதுல வந்தவ எந்த ரூமுல இருக்கா? எவன் கூட இருக்கா? சொல்றியா, கதவ ஒவ்வொண்ணா ஒடைக்கட்டுமா?”

கண்ணாடிக் கதவு திறந்தது.

“வாங்க சார்” என்றார் புவனேஸ்வரி. “இந்தப் பக்கமும் தற்செயலாத்தான் வந்தீங்களா?”

காக்கியைக் கண்டதும் ஒரு கணம் தடுமாறினான். ஆனால் அவன் தப்புப் பண்ணியதாக நினைக்கிற ஆள் இல்லை. அதுதான் அவனுக்கு வினையாகப் போயிற்று.

“மேடம், நல்ல வேளையா நீங்களே இருக்கீங்க. பாருங்க, வண்டி எங்க நிக்குதுன்னு பாருங்க. இவ எங்க போனாலும் எனக்கு இதுல வந்துரும். ஜெயங்கொண்டம் போனா, அரியலூர் போனா, எல்லாம் இருக்கு. அவங்கப்பாரே என் நம்பரத்தான் குடுத்தாரு. புருஷன் பாக்கக் கூடாதா?”

“எல்லாமே இருக்கா? கொஞ்சம் காட்டுங்க.” போனை வாங்கித் தள்ளித் தள்ளிப் பார்த்த எஸ்.ஐ., அதை ஏட்டம்மாவிடம் நீட்டினார். “பத்திரமா வச்சுக்கங்க. இவரு போன மாசம் எழுதிக் குடுத்த காகிதத்தையும் எடுத்து வைங்க. சார், இப்ப சொன்னத அப்படியே ஸ்டேஷன்ல வந்து எழுதிக் குடுக்கணும்.”

அப்போதுதான் அவன் பூங்குழலியைப் பார்த்தான். டீ கிளாஸோடு உள்ளே உட்கார்ந்திருந்தாள்.

“லாட்ஜுல உனக்கு என்னடி வேல?”

“நான் லாட்ஜுக்கு வரல” என்றாள். “ஸ்டேஷனுக்கு வந்தேன். வண்டிதான் லாட்ஜுக்கு வந்துச்சு. நீங்க வண்டியத்தான பாப்பீங்க? என்னைய எங்க பாத்தீங்க?”

எதிர்க்கடையில் சாமிதுரை எழுந்து நின்றார். தலையிலிருந்த துண்டை எடுத்து, உதறி, தோளில் போட்டுக்கொண்டார்.

கார் அங்கேயே இருக்கட்டும், வண்டியைச் சோதிக்கிற ஆள் வந்து பார்க்க வேண்டியிருக்கும் என்றார் எஸ்.ஐ. சாவியை ஏட்டம்மா கையில் கொடுத்துவிட்டு, பூங்குழலி அப்பாவோடு ஜெயங்கொண்டம் பஸ்ஸில் ஏறினாள். அங்கிருந்து வரதராஜன்பேட்டை. அனுசுயாவின் வாசப்படியில் நின்று என்ன சொல்வது என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். எத்தனை விதமாகச் சொன்னாலும் வெட்கமாகத்தான் இருந்தது.

ஜன்னலோரத்தில் உட்கார்ந்து கண்ணாடியை முழுக்கத் தள்ளிவிட்டாள். காற்று முகத்தில் அடித்தது. எத்தனை ஜன்னல் திறந்திருக்கிறது என்று எவனுக்கும் தெரியாத வண்டி. திங்கட்கிழமை வேலைக்குப் போகலாம். சாமிதுரை பக்கத்திலேயே வாயைத் திறந்து தூங்கிக்கொண்டு வந்தார்.

போன் அடித்தது. தமிழ்மாறன். ஆலைக்குள் ஏதோ எந்திரம் உறுமும் சத்தத்துக்கு மேல் கத்தினான்.

“அக்கா, எங்க இருக்க? காரு ஏன் லாட்ஜு வாசல்லயே கெடக்கு?”

“யாருடா சொன்னா?”

“யாரோ பாத்துட்டுச் சொன்னாங்க. கதவு வேற லாக் பண்ணாமக் கெடக்கு, போயி முதல்ல லாக் பண்ணுக்கா.”

பூங்குழலி போனைக் காதோடு அழுத்தினாள். சாவியைக் கொடுக்கிற அவசரத்தில் அவள் பூட்டவில்லைதான். மூடியிருக்கிற கதவு பூட்டாமல் கிடப்பது ரோட்டில் நின்று பார்க்கிற எவனுக்கும் தெரியாது.

ஷோரூமில் பேர் சொல்லாத அந்த இன்னொரு நம்பர்.

“அக்கா? கேக்குதா? எங்கதான் இருக்க?”

“அனு வூட்டுக்குப் போறேன்டா” என்றாள். “மன்னிப்புக் கேக்க. உன் பங்குக்கும் சேத்துத்தான் கேக்கணும் போலருக்கு.”

எதிர்முனையில் எந்திரம் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.